காரில் இருந்து வந்த ஒரு வரி: டல்லஸ் 1963, ஒரு செய்தியின் நிகழ்வு ஆய்வு

செய்தி எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே தலைகீழ் பிரமிடு படத்தைக் காட்டிவிடுகிறோம். மேலே அகலம், கீழே கூர்மை. முக்கியமானது முதலில், மற்றது அப்புறம். படம் சரிதான். ஆனால் எது முக்கியம், அதில் எவ்வளவு நமக்கு உறுதியாகத் தெரியும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் படத்தில் பதில் கிடையாது. செய்தி எழுதுகிறவர் தடுமாறுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

அதனால் நடந்த ஒரு செய்தியை, அது வளர்ந்த வரிசையிலேயே எடுத்துப் பார்ப்போம். 1963 நவம்பர் 22, அமெரிக்காவின் டல்லஸ் நகரில் அதிபர் ஜான் எஃப். கென்னடி சுடப்பட்ட செய்தி. யார் சுட்டார்கள், சதி உண்டா என்ற விவாதத்துக்குள் இங்கே போகப்போவதில்லை. ஒரே நிகழ்வு முதலில் ஒற்றை வரியாக, பிறகு ஃபிளாஷாக (மற்றதை நிறுத்திவிட்டு அனுப்பும் மிக அவசரச் சுருக்கச் செய்தி), முழுச் செய்தியாக, கடைசியில் நேரடி அனுபவக் கட்டுரையாக அடுத்தடுத்து எழுதப்பட்டது. எந்த நிமிடம் என்ன எழுதினார்கள் என்பது, தொலைவிலிருந்து கம்பி வழியே வரும் செய்தியை அச்சடிக்கும் டெலிபிரிண்டர் எந்திரத்தின் தாளில் பதிவாகி இருக்கிறது. பாடம் நடத்த இதைவிட வசதியான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

12.34

அதிபரின் ஊர்வலத்தில் சில கார்கள் பின்னால் நிருபர்களுக்கான கார் ஒன்று வந்துகொண்டிருந்தது. தொலைபேசி நிறுவனம் கொடுத்த கார். உள்ளே ரேடியோ தொலைபேசி ஒன்று இருந்தது. முன் இருக்கையில் யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல், சுருக்கமாக யுபிஐ, என்ற செய்தி நிறுவனத்தின் வெள்ளை மாளிகை நிருபர் மெரிமன் ஸ்மித். பின் இருக்கையில் போட்டி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜாக் பெல்லும் வேறு இரண்டு நிருபர்களும்.

மணி 12.30. வெடிச் சத்தம் கேட்டது. முதல் சத்தம் பெரிய பட்டாசாக இருக்கலாம் என்றுதான் தோன்றியது, இரண்டாவதும் மூன்றாவதும் துப்பாக்கிதான் என்று தெரிந்துவிட்டது என ஸ்மித் பின்னால் எழுதினார். துப்பாக்கிகளோடு அவருக்குப் பழக்கம் உண்டு. கைக்கு எட்டும் தூரத்தில் போன் இருந்தது. எடுத்தார், டல்லஸ் அலுவலகத்தைக் கூப்பிட்டு ஒரு வரி சொன்னார். யுபிஐயின் செய்திக் கம்பியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது மினியாபோலிஸ் கொலை வழக்கு ஒன்றின் விசாரணைச் செய்தி. அதை இடைமறித்து 12.34க்கு இந்த வரி போனது:

“அதிபர் கென்னடியின் வாகன ஊர்வலத்தின் மீது இன்று டல்லஸ் நகர மையத்தில் மூன்று முறை சுடப்பட்டது.”

அவ்வளவுதான். கென்னடி மேல் குண்டு பட்டதாக இதில் இல்லை. யாருக்காவது காயமா என்பதும் இல்லை. யார் சுட்டார், எங்கிருந்து சுட்டார், ஏன் சுட்டார், எதுவுமே இல்லை. ஏனென்றால் ஸ்மித்துக்கு அப்போது அவை தெரியாது. முன்னால் போன கார்கள் திடீரென்று வேகம் எடுத்ததைப் பார்த்தார். அதிபரின் காருக்குள் என்ன நடந்தது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையும் முதல் பத்தியிலேயே நிரப்பு என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் இந்த வரியைப் பார்த்தால் குறை என்பார்கள். எனக்கு இது அடிப்படைப் பாடத்தின் உச்சமாகத் தெரிகிறது. பத்து வார்த்தை சொச்சத்தில் என்ன, எங்கே, எப்போது, யாரை நோக்கி என்ற நான்கும் வந்துவிட்டன. மீதி இரண்டும் காலியாக விடப்பட்டிருக்கின்றன. முதல் வரியில் நிற்க வேண்டியது நம்மால் தாங்கிப் பிடிக்க முடிந்த மிகப் பெரிய உண்மை. கைக்குக் கிடைத்த மிகப் பெரிய பரபரப்பு வேறு சங்கதி. இரண்டும் ஒன்றாக அமைந்துவிடும் நாட்களில் சிக்கல் இல்லை. அமையாத நாளில் எதை மேலே வைக்கிறார் என்பதில்தான் நிருபரின் தரம் தெரியும்.

இந்த வரியிலும் குடைய இடம் இருக்கிறது. ‘மீது’ என்றது எப்படி? ஸ்மித் கேட்டது சத்தத்தை மட்டும்தான். சத்தத்திலிருந்தும் கார்கள் பறந்ததிலிருந்தும் ஊர்வலத்தைக் குறிவைத்துத்தான் சுட்டார்கள் என்று ஊகித்தார். டெஸ்கில், அதாவது செய்தியைத் திருத்தும் பிரிவில், உட்கார்ந்திருக்கும் ஒருவர் “பார்த்தீர்களா, கேட்டீர்களா?” என்று கேட்டிருந்தால் தப்பில்லை. அன்று அந்த ஊகம் சரியாக அமைந்தது.

அப்புறம் ‘மூன்று’. செய்தியில் எண்ணைக் கண்டாலே நிறுத்திக் கேட்க வேண்டும்: எண்ணியது யார்? இங்கே எண்ணியவர் நிருபரே. ஊர்வலப் பாதையோரம் இருந்த புத்தகக் கிடங்குக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் பிறகு மூன்று காலித் தோட்டாக்கள் கிடைத்தன. கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் குழுவும் மூன்று என்ற முடிவுக்கே வந்தது. ஆனால் அதே குழு, மூன்று என்ற எண் அவ்வளவு பரவலாக வெளியானதால் சாட்சிகளின் நினைவிலும் அது தன்னையறியாமல் ஏறியிருக்கலாம் என்று எழுதி வைத்தது. 1979இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று ஒலிப்பதிவை வைத்து நான்காவது குண்டும் உண்டு என்றது. 1982இல் அறிவியல் அகாடமியின் குழு அந்த ஒலிச் சான்றை ஏற்க முடியாது என்றது. முதல் வரியில் ஏறிய எண், சொன்னவரைத் தாண்டியும் எவ்வளவு காலம் நடமாடும் என்பதற்கு இது போதும்.

காருக்குள் நடந்த சண்டையையும் சொல்லிவிடலாம். போனைக் கொடு என்று பெல் பின்னாலிருந்து கத்தினார், குத்தினார். ஸ்மித்தோ, லைன் சரியில்லை, நான் சொன்னதைத் திரும்பப் படியுங்கள் என்று அலுவலகத்திடம் சொல்லிக்கொண்டே போனை விடாமல் பிடித்துக்கொண்டார். போட்டியாளருக்குப் போன் கிடைக்காமல் இருக்கச் செய்த தந்திரம்தான். ஆனால் சொன்ன காப்பியை, அதாவது செய்தி வாசகத்தை, திரும்பப் படிக்கச் சொல்வது எந்த நாளிலும் நல்ல பழக்கம்.

12.39: இரண்டு முறை வந்த ஒரு சொல்

கார் பார்க்லேண்ட் மருத்துவமனைக்குப் போய் நின்றது. அதிபரின் காரின் பின் இருக்கையில் கென்னடி முகம் குப்புறக் கிடப்பதை ஸ்மித் பார்த்தார். ரகசியப் பாதுகாப்புப் படையின் கிளின்ட் ஹில் அங்கே நின்றிருந்தார். அடி எவ்வளவு மோசம் என்று கேட்டார் ஸ்மித். “இறந்துவிட்டார்” என்றார் ஹில். ஸ்மித் உள்ளே ஓடி, ஒரு மேசையில் இருந்த போனைப் பிடுங்கிச் சொன்னதில் 12.39க்கு வெளியான ஃபிளாஷ், சொல்லுக்குச் சொல் இப்படி: “கென்னடி படுகாயம் ஒருவேளை படுகாயம் ஒருவேளை உயிராபத்தான காயம் கொலையாளியின் குண்டால்.”

படுகாயம் இரண்டு முறை வந்திருக்கிறது. அவசரத்தில் டெலிபிரிண்டரில் அப்படியே போய்விட்டது. எழுத்துப்பிழையை மன்னிக்கலாம். கவனிக்க வேண்டியது ‘ஒருவேளை’ என்ற சொல்லை. உடலைக் கண்ணால் பார்த்தவர், பாதுகாப்பு அதிகாரியே இறந்துவிட்டார் என்று சொல்லக் கேட்டவர், ‘கென்னடி மரணம்’ என்று அடிக்கவில்லை. ஹில் மருத்துவர் இல்லை. அதிபரின் மரணத்தை அறிவிக்கும் பொறுப்பும் அவருக்கு இல்லை. ஹில் சொன்னது யுபிஐயின் அடுத்த காப்பியில் வந்தது. அவர் பெயரோடு, அவர் சொன்னதாக. ஒரு தகவலை உண்மையாகச் சொல்வதற்கும் ஒருவர் சொன்னதாகச் சொல்வதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில்தான் செய்தித் தொழிலின் பாதி உட்கார்ந்திருக்கிறது.

‘கொலையாளி’ என்ற சொல் மட்டும் எனக்கு இடிக்கிறது. சாவு உறுதியாகவில்லை, சுட்டவரைப் பார்த்தவர் யார் என்பதும் தெரியாது. காயத்துக்கு ‘ஒருவேளை’ போட்ட அதே வரியில், சுட்டவருக்குத் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. இப்படி ஒரு சொல் எல்லா காப்பியிலும் தப்பித்து உள்ளே வரும். பெயர்ச்சொற்களையும் அடைமொழிகளையும் தனியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் பிடிபடும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1865 ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டபோது அசோசியேட்டட் பிரஸ்ஸின் வாஷிங்டன் நிருபர் லாரன்ஸ் கோப்ரைட் தந்தியில் அனுப்பிய வரி: “அதிபர் இன்றிரவு ஒரு திரையரங்கில்”, அதாவது நாடக அரங்கில், “சுடப்பட்டார்; ஒருவேளை உயிராபத்தான காயம்.” 98 ஆண்டு இடைவெளியில் இரண்டு நிருபர்கள் ஏறத்தாழ ஒரே வரியில், ஒரே ‘ஒருவேளை’யோடு வந்து நிற்கிறார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்க வாய்ப்பில்லை. நிலைமை ஒன்றாக இருந்தது, வரியும் ஒன்றாக வந்தது. தந்திக் கம்பி எப்போது அறுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் தலைகீழ் பிரமிடு பிறந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் அதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. அந்த வடிவம் பரவலாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

ஒரு மரணத்துக்கு மூன்று வாய்கள்

மருத்துவர்கள் குறித்த மரண நேரம் பிற்பகல் 1.00. அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது 1.33க்கு. துணை அதிபர் லிண்டன் ஜான்சன் மருத்துவமனையை விட்டுப் பத்திரமாகக் கிளம்பட்டும் என்று அறிவிப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த 33 நிமிடத்தில் செய்தியாளர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் மாணவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கென்னடியுடன் உள்ளே இருந்த பாதிரியார்கள் வெளியே வந்தார்கள். அதிபர் இறந்துவிட்டார் என்று அவர்கள் சொன்னதாகச் செய்தி வந்தது. சிபிஎஸ் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட் அதைப் பாதிரியார்கள் சொன்னதாகவே படித்தார். பிறகு செய்திச் செயலர் பொறுப்பில் இருந்த மால்கம் கில்டஃப் நிருபர்கள் முன் வந்து, அதிபர் சுமார் ஒரு மணிக்கு இறந்தார், மூளையில் பாய்ந்த குண்டுக் காயத்தால் இறந்தார் என்று அறிவித்தார். 1.38க்கு கிராங்கைட் படித்த புகழ்பெற்ற வரியிலும் “அதிகாரபூர்வமானதாகத் தெரிகிறது” என்ற சிறு ஒட்டு இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிய காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டை யாரும் பேசுவதில்லை.

அதிகாரி சொன்னார், பாதிரியார்கள் சொன்னார்கள், செயலர் அறிவித்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு எடை. “கூறப்படுகிறது”, “தெரிகிறது”, “தகவல் வெளியாகியுள்ளது” என்று எழுதும்போது அந்த எடையை மொத்தமாக அழித்துவிடுகிறோம். யார் கூறினார் என்பதைச் சேர்க்க முடியாவிட்டால், எதற்காகச் சேர்க்கவில்லை என்பதாவது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று தப்பும் நடந்தது. ஜான்சனுக்கும் காயம் என்று ஒரு பேச்சு ஓடியது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டதாகச் செய்தியே வெளியானது. இரண்டும் பொய். ஒரே வாயிலிருந்து வந்து, வேறு யாரும் உறுதி செய்யாத தகவல் கம்பியில் ஏறினால் இப்படித்தான் ஆகும்.

முழுச் செய்தியாக எழுதும்போது

சரி, இப்போது இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். தகவல்கள் கையில் இருக்கின்றன. தமிழில் எழுத வேண்டும். பலர் எழுதும் முதல் பத்தி இப்படி இருக்கும்:

“அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்குச் சுற்றுப்பயணமாக வந்திருந்த அதிபர் ஜான் எஃப். கென்னடி, தன் மனைவி ஜாக்குலின், மாநில ஆளுநர் ஜான் கானலி மற்றும் அவரது மனைவி ஆகியோருடன் டல்லஸ் நகரில் திறந்த காரில் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் படுகாயமடைந்து, மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுச் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்.”

இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் தமிழில் வினை கடைசியில்தான் வரும். எச்சத்தின் மேல் எச்சமாகக் கோத்துக்கொண்டே போனால், செத்தது யார் என்பது முதல் வரியிலும் செத்தார் என்பது நான்காவது வரியிலும் விழும். நடுவில் ஆளுநரின் மனைவி வரைக்கும் வாசகர் நடந்து போக வேண்டும். பேருக்குத்தான் முக்கியமானது முதலில். உண்மையில் அது வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது. இதற்கு மருந்து ஒன்றுதான்: முதல் வாக்கியத்தில் ஒரே வினை. நான் எழுதினால்:

“டல்லஸ், நவ. 22: அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி இன்று இங்கு சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 46.

திறந்த காரில் ஊர்வலமாகச் சென்றபோது பிற்பகல் 12.30 மணிக்கு அவர் சுடப்பட்டார். பார்க்லேண்ட் மருத்துவமனையில் சுமார் ஒரு மணிக்கு அவர் இறந்ததாகச் செய்திச் செயலர் பொறுப்பில் உள்ள மால்கம் கில்டஃப் அறிவித்தார்.

துணை அதிபர் லிண்டன் ஜான்சன் 2.38 மணிக்கு, விமானத்துக்குள்ளேயே, புதிய அதிபராகப் பதவியேற்றார்.

அதே காரில் இருந்த டெக்சஸ் ஆளுநர் ஜான் கானலியும் குண்டடி பட்டார். அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

டல்லஸ் காவலர் ஜே.டி. டிப்பிட்டும் பிற்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றதாக லீ ஹார்வி ஆஸ்வால்ட் (24) மீது வழக்குப் பதிவாகியுள்ளது. அதிபர் கொலை குறித்தும் அவரிடம் விசாரணை நடக்கிறது.”

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஆளுநர் சுடப்பட்டதுதான் முதல் பக்கத் தலைப்பு. இங்கே நான்காவது பத்தி. முக்கியத்துவம் என்பது தகவலோடு ஒட்டிப் பிறந்த குணம் இல்லை, பக்கத்தில் நிற்கும் தகவல்களைப் பொறுத்தது. ஜான்சன் பதவியேற்பு கானலிக்கு மேலே ஏறியதற்கும் அதுதான் காரணம்: நாட்டுக்கு இப்போது அதிபர் யார் என்பது, கேட்கிற எல்லோருக்கும் உடனே தேவைப்படும் அடுத்த பதில்.

டிப்பிட் விஷயம் இன்னும் நுட்பமானது. அதிபர் சுடப்பட்டுச் சுமார் முக்கால் மணி நேரம் கழித்து, வேறொரு பகுதியில் அவர் கொல்லப்பட்டார். முதலில் அது தனிச் செய்தி. இரண்டையும் நாமாகக் கோத்துவிடக் கூடாது. போலீஸ் கோத்த பிறகு, அவர்கள் எந்த அளவுக்குச் சொன்னார்களோ அந்த அளவுக்குத்தான். மேலே இருக்கும் கடைசிப் பத்தியில் மூன்று வாக்கியங்களும் தனித்தனியாக நிற்பது அதற்காகத்தான்.

இடம் போதவில்லை என்று பக்க வடிவமைப்பாளர் கீழிருந்து வெட்டிக்கொண்டே வரட்டும். கடைசிப் பத்தி போனாலும் செய்தி நிற்கும், அதற்கு மேலுள்ளது போனாலும் நிற்கும். முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும் ஒரு பெட்டிச் செய்தி தேறும். ‘ஏன்’ என்ற கேள்விக்கு இதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் பாருங்கள். அன்று இரவு அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. அந்த ஓட்டையை “பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது” போன்ற வரிகளால் அடைப்பது நம்மிடம் உள்ள நாள்பட்ட வியாதி. பரபரப்பா இல்லையா என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

அதே ஸ்மித், வேறு வடிவம்

மறுநாள் தேதியிட்டு ஸ்மித் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அதன் தொடக்கத்தில் துப்பாக்கியும் இல்லை, மரணமும் இல்லை. அதிபரின் காருக்குப் பின்னால் டல்லஸ் நகருக்குள் போய்க்கொண்டிருந்த இதமான, வெயில் அடித்த மதியம் ஒன்றில் தொடங்கி, நடந்ததை நடந்த வரிசையில் ‘நான்’ போட்டுச் சொல்லிக்கொண்டு போனார். ஜான்சன் பதவியேற்ற விமானத்தில் இருந்த மிகச் சில நிருபர்களில் அவரும் ஒருவர். அன்றைய செய்திப் பணிக்காக 1964இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

முதல் நாள் ஒரே வரியில் உச்சத்தைச் சொன்னவர், மறுநாள் வானிலையில் தொடங்கலாமா? தாராளமாக. கென்னடி இறந்தது அதற்குள் உலகத்துக்கே தெரியும். முடிவு தெரிந்த வாசகரிடம் முடிவை மறைத்து வைக்க ஒன்றுமில்லை. அவருக்கு இப்போது வேண்டியது உடன் இருந்தவரின் கண். ஆக, செய்தியின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் நிகழ்வுக்கு இருக்கும் பங்கு அளவுக்கு, வாசகருக்கு இதுவரை என்ன தெரியும் என்பதற்கும் பங்கு உண்டு. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டாலே பிரமிடா, கதை வடிவமா என்ற வாதம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னும் தள்ளிப் போனவர் நியூயார்க் பத்திரிகையாளர் ஜிம்மி பிரெஸ்லின். எல்லா நிருபர்களும் தலைவர்களின் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆர்லிங்டன் மயானத்தில் கென்னடிக்குக் குழி தோண்டிய தொழிலாளியைப் பற்றி எழுதினார். அவருக்கு மணிக்கு 3.01 டாலர் கூலி என்பது வரைக்கும் அதில் இருக்கும். இதழியல் வகுப்புகளில் இன்றும் அதைப் படிக்கக் கொடுக்கிறார்கள். விளைவு, எந்த மரணச் செய்தியானாலும் ஓரத்தில் நிற்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் காலையில் எழுந்ததிலிருந்து தொடங்கும் கட்டுரைகள். பிரெஸ்லின் எழுதியது இறுதிச் சடங்குக்கு. நவம்பர் 22 மாலை அதை எந்த டெஸ்கும் வாங்கியிருக்காது, வாங்கியிருக்கவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு

நவம்பர் 24 காலை, டல்லஸ் காவல் தலைமையகத்தின் அடித்தளத்தில், தொலைக்காட்சி நேரலையில், ஆஸ்வால்டை இரவு விடுதி உரிமையாளர் ஜாக் ரூபி சுட்டார். அதே பார்க்லேண்ட் மருத்துவமனையில் ஆஸ்வால்ட் இறந்தார். மறுநாள் காலை இதழுக்கு எழுதுகிறவருக்கு இரண்டு தலைவலி. ஒன்று, வாசகர் நிகழ்வைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார். “ஆஸ்வால்ட் சுட்டுக் கொல்லப்பட்டார்” என்ற வரி ஆறிப்போனது. அதனால் லீடு, அதாவது செய்தியின் முதல் வாக்கியம், ரூபி மீதான வழக்குக்கோ, பாதுகாப்பில் கோட்டை விட்டதற்கோ நகர வேண்டும். சுடப்பட்டது இரண்டாவது வாக்கியத்துக்கு இறங்கும்.

மற்றது ஆஸ்வால்டை எப்படிக் குறிப்பிடுவது. கென்னடியைக் கொன்றதாக அவர் மீது வழக்குப் பதிவாகி இருந்தது, அவ்வளவே. விசாரணை நடக்கவில்லை, இனி நடக்கவும் முடியாது. எனவே அந்த இதழில் அவர் ‘கொலையாளி ஆஸ்வால்ட்’ ஆக முடியாது. ‘அதிபரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஆஸ்வால்ட்’தான். 1964 செப்டம்பரில் வாரன் குழு, சுட்டவர் ஆஸ்வால்ட்தான், தனியாகவே செய்தார் என்று அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகு எழுதுகிறவர்களுக்கு ‘வாரன் குழுவின் முடிவின்படி’ என்று இன்னொரு வாய் கிடைத்தது. நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் கிடைக்கவே இல்லை.